அவர்கள் கையாலேயே செய்யட்டும்

ஆகஸ்ட் 14 சாயங்காலம் ஸ்டேஷனரிக் கடைகளில் நிற்க இடம் இருக்காது. வந்திருப்பவர்களில் பாதிப் பேர் எல்.கே.ஜி. பிள்ளைகளின் பெற்றோர். 'நாளை சுதந்திர தினத்துக்கு ஒரு கிராஃப்ட் செய்து அனுப்பவும்' என்று பள்ளி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்திருக்கும். சார்ட் அட்டை, தெர்மாகோல், ஜிகினாத் தூள், வெட்டி ஒட்டுவதற்கென்றே அச்சடித்த செங்கோட்டைப் படம் எல்லாம் பையில் ஏறும். ராத்திரி அம்மா வெட்டுவார், அப்பா ஒட்டுவார். பிள்ளை அதற்குள் தூங்கியிருக்கும். காலையில் பள்ளி மேசையில் வரிசையாக அழகழகான பொருள்கள் இருக்கும். அவற்றில் தன்னுடையது எது என்று பிள்ளைக்கே அடையாளம் தெரியாது.

பாலர் வகுப்புப் பிள்ளைகளோடு நெடுங்காலம் இருந்துவிட்டேன். அந்தப் பழக்கத்தில் எனக்குள் உறுதிப்பட்ட எண்ணம் ஒன்று உண்டு. தேசிய விழா நாளில் குழந்தை கொண்டுவரும் பொருள் குழந்தையின் கையால் ஆனதாக இருக்க வேண்டும். கோணலாக இருக்கலாம், பசை வழிந்திருக்கலாம், மயிலுக்குக் கால் மூன்று இருக்கலாம். அதைச் செய்த நேரம் அந்தக் குழந்தையுடையதாக இருந்தால் போதும்.

மூன்று வயதுப் பிள்ளைக்கு நாடு என்றால் என்ன புரியும்? அதற்குத் தெரிந்தது தன் தெரு, பாட்டி வீடு, பேருந்து நிற்கும் இடம். இந்தியாவின் வரைபடம் அதற்கு ஒரு வளைந்த கோடுதான். ஆனால் இன்றைக்கு எல்லோரும் சேர்ந்து ஏதோ ஒரு நல்ல காரியம் செய்கிறார்கள், அதில் தனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்பது நன்றாகப் புரியும். பின்னாளில் அது படிக்கப்போகும் சரித்திரமெல்லாம் வந்து உட்காருவதற்கான இடம் இந்தப் புரிதல்தான். அந்த வேலையைப் பெரியவர்கள் பிடுங்கிக்கொண்டால் பிள்ளை வேடிக்கை பார்க்கிற ஆளாகிவிடுகிறது.

மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்தார். பிரம்மஞான சபையின் அழைப்பில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வந்தவருக்கு, இரண்டாம் உலகப் போர் மூண்டிருந்ததால் இந்தியாவிலேயே பல ஆண்டுகள் தங்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் வகுப்பு நடத்தினார். குழந்தையின் அறிவு அதன் கை வழியாக வளர்கிறது என்பது அவருடைய கல்விமுறையின் அடிப்படை. தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, மேசை துடைப்பது எல்லாமே அங்கே பாடம். நம் ஊரிலேயே இவ்வளவு காலம் இருந்து கற்பித்துவிட்டுப் போனவரின் சொல்லை விழா நாளில் மட்டும் ஏன் மறக்க வேண்டும்?

எந்த வயதுக் கைக்கு எது வரும் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டு வயதில் கிழிக்கவும் கசக்கவும் பூசவும் வரும். கிரேயானை முழுக் கையாலும் இறுக்கிப் பிடித்துக் கிறுக்கும். மூன்று வயதையொட்டி ஒரு வட்டம் போட வரும். முனை மழுங்கிய கத்தரியால் காகித ஓரத்தை நறுக்கிப் பார்க்கும். நான்கு வயதில் கூட்டல் குறி போடும். கோட்டின் மேலேயே வெட்டிப் பார்க்கும். பிள்ளைக்குப் பிள்ளை இதில் முன்னே பின்னே இருக்கும். செங்கோட்டையும் ராக்கெட்டும் இந்தக் கணக்கில் எங்குமே இல்லை என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

இரண்டு வயதுக்காரர்களுக்குக் கிழிக்கும் வேலையைப் போல் மகிழ்ச்சி தருவது வேறில்லை. வீட்டில் தினமும் 'கிழிக்காதே' என்று கேட்டவர்களிடம் பழைய வாரப் பத்திரிகையைக் கொடுத்து, ஆரஞ்சு நிறம் எங்கே, பச்சை எங்கே என்று தேடிக் கிழிக்கச் சொல்லுங்கள். ஒட்டுவதற்கு மைதா பசை போதும். ஒரு கை மாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தால் கண்ணாடி போல் பளபளப்பு வரும்போது இறக்கிவிடலாம். சினிமா போஸ்டர் ஒட்டும் அதே பசைதான். ஆறியதும் பிள்ளைகள் விரலால் எடுத்துப் பூசலாம். வாயில் கொஞ்சம் போனாலும் பயமில்லை. அட்டையில் ஒரு மயிலின் வடிவத்தை மட்டும் நாம் வரைந்து கொடுத்தால், தோகை முழுக்க அவர்கள் கிழித்த துண்டுகளால் நிறையும். 1963இல் தேசியப் பறவையான மயிலைப் பற்றி அப்போது சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

மூன்று வயதுக்கு அச்சு வேலை. வெண்டைக்காயின் தடித்த பக்கத்தை நறுக்கினால் ஐந்து இதழுள்ள பூ கிடைக்கும். வெங்காயத்தைக் குறுக்கே அரிந்தால் வட்டத்துக்குள் வட்டம். வர்ணத்துக்குக் கடைக்கு ஓட வேண்டாம். மஞ்சள் தூள் கரைசலில் பீட்ரூட் சாறு சில சொட்டு விட்டால் காவிக்குப் பக்கத்தில் ஒரு நிறம் வரும். அரைத்த கீரையை வடிகட்டினால் பச்சை. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு வரும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து, பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அதை எடுக்கவே கூடாது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் கைக்கு மணி, பொத்தான், தெர்மாகோல் உருண்டை எதுவும் போகக் கூடாது. மூவர்ண பலூன் கட்டுகிறவர்கள், வெடித்த பலூனின் துண்டுகளை உடனே பொறுக்கிவிட வேண்டும். தொண்டையில் சிக்கினால் மூச்சை அடைத்துவிடும்.

ஆகஸ்ட் 15 நமக்கு ஆடி மாதத்தின் கடைசியில் வருகிறது. அம்மியையே பறக்க வைக்கும் என்று சொல்கிற ஆடிக் காற்று அப்போதும் முழுசாக அடங்கியிருக்காது. காற்றாடிக்கு இதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது. சதுரத் தாளில் பிள்ளை தன் விருப்பம் போல் மூன்று நிறத்தையும் தீட்டட்டும். நான்கு மூலையிலிருந்தும் நடுவை நோக்கி முக்கால் தூரம் வெட்டுவதும், ஒன்றுவிட்டு ஒரு முனையை மடக்கி நடுவில் குண்டூசி குத்துவதும், ஊசியின் முனையை வளைத்து டேப் சுற்றுவதும் பெரியவர்கள் வேலை. பனையோலையை மடித்துக் கருவேல முள்ளைச் செருகிக் காற்றாடி விட்ட தாத்தாக்கள் இன்னும் கிராமங்களில் இருக்கிறார்கள். அவர்களை அன்றைக்குப் பள்ளிக்குக் கூப்பிட்டால் வகுப்பே அவர்களைச் சுற்றி உட்கார்ந்துவிடும். "டீச்சர், என்னுது சுத்துது பாருங்க!" என்று மைதானத்தில் ஓடிவரும் குரலைக் கேட்டவர்கள் மறுபடி அச்சடித்த செங்கோட்டையை வாங்க மாட்டார்கள்.

ஜனவரி 26க்கு வேறு வசதி இருக்கிறது. பொங்கல் முடிந்து பத்து நாள்தான் ஆகியிருக்கும்; எல்லா வீட்டிலும் கோலக் கலர்ப்பொடி மிச்சமிருக்கும். தரையில் சாக்பீஸால் ஒரு பெரிய தாமரையையோ மயிலையோ போட்டு, உள்ளே பொடி தூவச் சொல்லலாம். அசோகச் சக்கரத்துக்கு ஆரங்கள் 24. பெரிய வட்டம் ஒன்றை வரைந்துகொண்டு, நீல வர்ணம் பூசிய ஐஸ் குச்சிகளை ஆளுக்கொன்று கொடுத்து அடுக்கச் சொன்னால், ஒரு வகுப்பே சேர்ந்து சக்கரம் செய்துவிடும். பிள்ளைகள் குறைந்தால் ஆயாம்மாவும் அழைத்துவந்த அம்மாக்களும் ஒவ்வொரு குச்சி வைக்கட்டும். கைராட்டை இருந்த இடத்தில் சாரநாத் தூணின் சக்கரத்தை வைத்து, 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை இந்தக் கொடியை ஏற்றது. அந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இது வயதில்லை. ஒரு குச்சி குறைந்தாலும் சக்கரம் நிறையாது என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

கொடியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். மூன்று நிறத்தில் செய்யும் பொருள் வேறு, தேசியக் கொடி வேறு. 2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தியக் கொடிச் சட்டத்தொகுப்பு இதில் தெளிவாக இருக்கிறது. கொடியில் எந்த எழுத்தும் கூடாது. காவி கீழே வரக் கூடாது. கொடியைத் தோரணமாகக் கட்டக் கூடாது. காகிதக் கொடியை அசைத்துக் கொண்டாடலாம், ஆனால் விழா முடிந்ததும் தரையில் எறியக் கூடாது. தொலைந்துவிடாமல் இருக்க நல்லெண்ணத்தோடு கொடியின் வெள்ளைப் பட்டையில் பிள்ளையின் பேரையும் வகுப்பையும் எழுதி அனுப்பும் பெற்றோர் நிறையப் பேர். பேரைக் குச்சியில் ஒரு சீட்டாகச் சுற்றிவிடுங்கள். பசையும் வர்ணமும் சிந்தும் வேலைகளை மயிலுக்கும் காற்றாடிக்கும் வைத்துக்கொண்டு, கொடியைத் தனியாக, கை கழுவிய பிறகு எடுக்கும் பொருளாகப் பழக்கலாம். பிளாஸ்டிக் கொடிகளுக்கு 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை இருக்கிறது. யாராவது விற்றாலும் வாங்க வேண்டாம்.

சுதந்திர தினத்தன்று மாலையில் பள்ளி வாசல்களில் மிதிபட்டுக் கிடக்கும் காகிதக் கொடிகளைப் பார்த்து எனக்குப் பல தடவை மனசு கனத்திருக்கிறது. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. காலையில் சட்டையில் குத்திவிட்டவர்கள், மாலையில் அதை என்ன செய்வது என்று சொல்லவில்லை. இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஓர் அட்டைப் பெட்டியைப் பிள்ளைகளையே அலங்கரிக்கச் சொல்லி, கொடிப்பெட்டி என்று பேர் வைத்து வாசலில் வைத்துவிடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பொருளைப் பெட்டியில் போடுவது ஒரு விளையாட்டு. அவரவர் கொடியைப் போட்டுவிட்டு, கீழே கிடப்பதையும் தேடித் தேடி எடுத்துவருவார்கள். நல்ல நிலையில் உள்ளதை அடுத்த விழாவுக்கு எடுத்துவைக்கலாம். கிழிந்ததைப் பெரியவர்கள் தனியாக, மரியாதையோடு அப்புறப்படுத்தலாம்.

அந்தப் பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்துதான் நான் திருப்பூர் குமரனின் கதையைச் சொல்வேன். சென்னிமலையில் 1904இல் பிறந்தவர், 1932 ஜனவரியில் திருப்பூரில் கொடி பிடித்து ஊர்வலம் போனபோது போலீஸ் தடியடியில் விழுந்து உயிரை விட்டவர். அடியையும் ரத்தத்தையும் அந்த வயதுப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதில்லை. கீழே விழும்போதும் அவர் கையிலிருந்த கொடியைக் கீழே விடவில்லை என்ற ஒரு வரி போதும். கையில் பிடித்த கொடியைப் பிள்ளைகள் ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள். 1947 ஆகஸ்ட் 15 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் ஏற்றிய பட்டுக்கொடியைக் கோட்டை அருங்காட்சியகத்தில் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். சென்னைக்காரர்கள் விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்டலாம்.

செலவில்லாத வேலை இன்னொன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். கொடியேற்றும் முன் மடித்த கொடிக்குள் பூ இதழ் வைத்துக் கட்டுவார்கள். கொடிச் சட்டத்தொகுப்பும் இதை அனுமதிக்கிறது. அந்த இதழ்களைப் பிய்த்துத் தரும் வேலையைச் சின்னஞ்சிறுசுகளிடம் விட்டுவிடுங்கள். ஒரு தட்டு செவ்வந்தி, கொஞ்சம் ரோஜா, வட்டமாக உட்கார ஒரு பாய் போதும். பூவைப் பிய்ப்பதற்குப் பிள்ளைகளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். மறுநிமிடம் கயிற்றை இழுத்ததும் தலைக்கு மேலே கொடி விரிந்து இதழ்கள் கொட்டும்போது, "அது நான் பிச்ச பூ" என்று பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லும் குரலில் இருக்கும் உரிமையை எந்த மேடைப் பேச்சாலும் உண்டாக்க முடியாது. கொடியேற்றத்தில் அந்தப் பிள்ளைக்கும் பங்கு கிடைத்துவிட்டது.

1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் வந்த அங்கன்வாடிகளில் கைவேலைச் சாமானுக்கென்று பெரிதாகப் பணம் இருப்பதில்லை. ஆனால் சுற்றிலும் வேப்பிலை, பூவரச இலை, களிமண், செம்மண், பூ எல்லாம் இருக்கின்றன. நான் பார்த்த நல்ல விழாக்களில் சில அந்தச் சின்ன அறைகளில்தான் நடந்தன. பூவரச இலையில் பீப்பி செய்து ஊதிக்கொண்டு கொடிக்கம்பத்தைச் சுற்றி வந்த பிள்ளைகளுக்கு எந்தக் குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

பள்ளி நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கைவேலையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே வகுப்பில் அரை மணி நேரம் ஒதுக்கி, அங்கேயே செய்ய வையுங்கள். பரிசு, முதலிடம் எதுவும் வேண்டாம். எல்லோருடையதையும் பிள்ளைகளின் கண் எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை ஒட்டியது கோணலாக இருந்தால் அதைப் பிய்த்து நேராக ஒட்டாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், கேட்டால் மட்டும் உதவுங்கள். வேலை முடிந்ததும் சிந்தியதைத் துடைக்கவும் அந்தக் கைகளுக்கே ஒரு துணியைக் கொடுங்கள்.