கல்லுக்கு ஒரு முகவரி

கிளியூர் அருவிக்கு இறங்கிப் போய்த் திரும்பும் பிள்ளையின் கால்சட்டைப் பை கல்லால் கனத்துத் தொங்கும். வீட்டு வாசலிலேயே, “அந்தக் குப்பையை வெளியே கொட்டு!” என்று குரல் எழும். கொட்டிவிட்டால் சேர்வராயன் மலையின் கதையும் அதோடு போய்விடும்.

அருவிப் பக்கம் எடுத்த துண்டைப் பாருங்கள். வெயிலும் மழையும் பட்ட பக்கம் பழுப்பு. புதிதாக உடைந்த பக்கமோ நீலம் கலந்த கருஞ்சாம்பல். எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். இதுதான் சார்னோக்கைட். வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். மலை உச்சியில், சேர்வராயன் கோயில் பக்கத்தில் கிடைக்கும் செம்பழுப்புப் பாக்சைட் இதன் வழிவந்தது. காலங்காலமாகப் பெய்த மழை சார்னோக்கைட்டின் சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போக, அலுமினியமும் இரும்பும் தங்கிவிட்டன. ஒரு கையில் அதையும் மறு கையில் இதையும் வைத்துக்கொண்ட பிள்ளைக்குப் பாறைச் சிதைவு பற்றிப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஆனால் எந்தக் கல்லை எங்கே எடுத்தோம் என்று எழுதி வைக்காவிட்டால் இரண்டும் வெறும் கல்தான்.

சார்னோக்கைட்டுக்குப் பெயர் வந்ததே ஊர் தேடிப் போன கதை. ஆங்கிலேயக் கம்பெனியின் ஜாப் சார்னோக் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இறந்தார்; கொல்கத்தாவில் புனித ஜான் தேவாலய வளாகத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. கொல்கத்தா வண்டல் மண் பூமி. அங்கே பாறை ஏது? கல்லறையின் மேல் இருந்த கருங்கல் பலகையை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலந்து, அது சென்னைப் பரங்கிமலை, பல்லாவரம் பகுதிப் பாறை என்று கண்டுகொண்டார். அதில் இருந்த கனிமங்களே ஊரைக் காட்டிக்கொடுத்தன. 1893இல் வெளியான கட்டுரையில், கல்லறைக்குள் இருப்பவர் பெயரையே பாறைக்குச் சூட்டினார். தெற்கிலிருந்து கடல் வழியே போன கல், இரண்டு நூற்றாண்டு கழித்து, தன் முகவரியைச் சொன்னது.

அதே பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட், ஓய்வுக்காலத்தில் சேர்வராயன் மலைமேலுள்ள ஏற்காட்டில் வாழ்ந்தவர். அவருடைய சேகரிப்பு 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போனது. சேர்வராயன் மலைக் கருவிகளும் அதில் உண்டு. ஒவ்வொன்றும் எந்த ஊரில் கிடைத்தது என்ற குறிப்பால்தான் அந்தக் கற்களை இன்றும் ஆய்வாளர்கள் தேடிப் போகிறார்கள்.

பிள்ளைகளுக்கும் இது முடியாத வேலையல்ல. கல்லின் ஒரு மூலையில் வெள்ளை நகப்பூச்சு தொட்டு, காய்ந்ததும் எண் எழுதலாம். நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே இடம், தேதி, பார்த்தது. பாறையை உடைக்கவே வேண்டாம். பாதையோரம் உதிர்ந்து கிடப்பதே போதும்.

மலையை விட்டு இறங்கினால் சேலத்தில் வேறு கற்கள் காத்திருக்கின்றன. சுண்ணாம்புக்கல்லில் எலுமிச்சைச் சாறு விட்டால் உடனே நுரைக்கும். பார்வைக்கு அதைப் போலவே வெளுத்த மேக்னசைட் குளிர்ந்த சாற்றுக்குச் சட்டென்று அசைந்துகொடுக்காது. கஞ்சமலைக்குப் போகும் பிள்ளை நூலில் கட்டிய காந்தம் ஒன்றைக் கொண்டுபோகட்டும். அங்குள்ள மேக்னடைட் வரியோடிய கல்லை நோக்கிக் காந்தம் இழுபடும்போது, அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளலாம்.