விதிவிலக்கின் கணக்கு

சிக்கல் என்ற சொல்லை நாம் நூலுக்கும் சொல்கிறோம், கூந்தலுக்கும் சொல்கிறோம், குடும்பத்துக்கும் சொல்கிறோம். நாகப்பட்டினத்துக்கு அருகே அப்பெயரிலேயே ஓர் ஊரும் உண்டு. தேவனாம்பட்டினக் கடற்கரையில் காலை வேளையில் நடந்து சென்றவர்கள், மீனவர்கள் வலையைச் சிக்கெடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வலை எவ்வளவு சிக்கியிருக்கிறது என்று கேட்டால், "ஒரு மணி நேரம் ஆவும்", "அரை நாள் ஆவும்" என்று நேரத்தால் அளந்து சொல்வார்கள். கணிப்பொறிக்கு நாம் எழுதும் நிரல்களும் அவ்வாறே சிக்கிக்கொள்கின்றன. அச்சிக்கலை ஓர் எண்ணால் அளக்க முடியுமா, அளந்தபின் குறைக்க முடியுமா என்பதே இக்கட்டுரையின் பொருள். கணிப்பொறி பயிலாத நண்பர்கள் அஞ்சிப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இதில் பாதி நம் தமிழெழுத்தின் கதையாகும்.

1976 ஆம் ஆண்டில் தாமஸ் மெக்கேப் என்னும் அமெரிக்கர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நிரல் நீளமாக இருப்பதால் மட்டும் அது கடினமாகிவிடுவதில்லை. அதனுள் எத்தனை கிளைவழிகள் உள்ளன என்பதைப் பொறுத்தே கடினம் அமைகிறது என்பது அவர் கருத்து. அதற்காகக் கோட்டுருவியல் என்னும் கணிதப் பிரிவிலிருந்து ஒரு சூத்திரத்தை எடுத்துக்கொண்டார். கோடுகளின் எண்ணிக்கையிலிருந்து புள்ளிகளின் எண்ணிக்கையைக் கழித்து, இரண்டைக் கூட்ட வேண்டும். அவ்வளவுதான்.

நாம் அறிந்த ஒன்றைக் கொண்டே இதைப் பார்ப்போம். கடலூர் துறைமுகச் சந்திப்பில் ரயிலேறிச் சிதம்பரம் செல்கிறோம். இடையில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை ஆகிய நான்கு நிலையங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். புள்ளிகள் 6, அவற்றை இணைக்கும் கோடுகள் 5. ஐந்திலிருந்து ஆறைக் கழித்து இரண்டைக் கூட்டினால் 1. அதாவது ஒரே வழி, தூங்கிக்கொண்டே போகலாம். புதுச்சத்திரத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் இடையே இன்னொரு பாதை இருப்பதாகக் கற்பனை செய்தால் கோடு 6 ஆகிறது, அளவு 2 ஆகிறது. இப்போது எந்தப் பாதை என்று யாரோ ஒருவர் விழித்திருந்து முடிவு செய்தாக வேண்டும். நிரலில் அந்த முடிவைச் செய்வது 'எனில்' என்னும் கட்டளை. ஆகவே, படம் வரையாமலே எண்ணிவிடலாம்: எத்தனை 'எனில்' இருக்கிறதோ அதனுடன் ஒன்றைக் கூட்டினால் மெக்கேப்பின் அளவு கிடைத்துவிடும். அது 10க்கு மேற்படாமல் இருப்பது நல்லது என்றார் அவர். 10 என்பது கல்வெட்டு அன்று; அவரும் அவ்வாறு சொல்லவில்லை.

பாடத்தில் இது ஒரு பக்கம். தேர்வில் ஐந்து மதிப்பெண் வினா. நானும் அதற்குமேல் அதைப் பொருட்படுத்தியதில்லை, சிதம்பரத்து அச்சகம் ஒன்றில் என்னிடம் ஒரு வேலை வந்து சேரும் வரையில்.

அதைச் சொல்லுமுன் அவ்வச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளமையில் ஈய எழுத்துகளைக் கையால் பொறுக்கி அச்சுக் கோத்தவர் அவர். "அப்பல்லாம் லைக்கு ஒரு தனி அறை தம்பி. யானை தும்பிக்கையத் தூக்கின மாதிரி எழுத்து. ணைக்கு ஒண்ணு, னைக்கு ஒண்ணு. றா, னா, ணா எல்லாம் சுழிச்சுகிட்டு நிக்கும். புதுசா வர்ற பையன் கேஸ்ல கைய வச்சா எது எங்க இருக்குன்னு தேடியே பொழுது போயிடும்" என்பார்.

1978 அக்டோபரில் தமிழக அரசு, பெரியார் நூற்றாண்டையொட்டி, எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. நம் கல்லூரி யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அவர் 1935 இலேயே தம் 'குடி அரசு' இதழில் கையாளத் தொடங்கியது அச்சீர்திருத்தம். ணா, றா, னா மூன்று. அவற்றின் ஒகர வடிவம் மூன்று, ஓகார வடிவம் மூன்று. ணை, னை, லை, ளை நான்கு. ஆக 13 எழுத்துகள் தம் தனிக் கோலத்தை விட்டுவிட்டு மற்ற எழுத்துகளைப்போல் கால் வாங்கிக்கொண்டன, இணைக்கொம்பு வாங்கிக்கொண்டன.

இப்போது மெக்கேப்பின் கண்ணால் இதைப் பாருங்கள். ஆ, ஐ, ஒ, ஓ ஆகியவற்றின் உயிர்க்குறியை மெய்யோடு சேர்த்து எழுதும் ஒரு நிரல் வேண்டும். பழைய முறைப்படியானால், 'இது றா எனில் அப்படி எழுது', 'இது லை எனில் இப்படி எழுது' என்று பதின்மூன்று விதிவிலக்குக்கும் பதின்மூன்று 'எனில்' போட வேண்டும். ஒன்று கூட்ட, அளவு 14. பத்தைத் தாண்டிவிட்டது. புதிய முறைப்படி விதிவிலக்கே இல்லை, அளவு 1. மெக்கேப்பின் கட்டுரை வந்து இரண்டாண்டு கழித்து வந்த ஆணை இது. அதை எழுதியவர்கள் மெக்கேப்பைப் படித்திருக்கத் தேவையில்லை. அச்சுக் கோப்பவனின் விரலும், எழுதப் பழகும் குழந்தையின் கையும் இக்கணக்கை அவருக்கு முன்பே போட்டு வைத்திருந்தன.

பெரியார் ஐ, ஔ இரண்டையும் நீக்கி அய், அவ் என்றே எழுதினார். அரசாணை அப்பகுதியை ஏற்கவில்லை. ஏற்றிருக்க வேண்டுமா என்று தமிழ்த் துறை நண்பர்களோடு வாதிட எனக்குத் துணிவில்லை. ஆனால் நான் பட்ட பாடு முழுவதும் அந்த ஔவினால்தான்.

வேலை இதுதான். அச்சகத்தில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த திருமண அழைப்பிதழ்கள், சிறு நூல்கள், நாடகப் பிரதிகள் யாவும் ஒரு பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அதைப் புதிய கணிப்பொறியில் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டுகிறது. 1991 இல் வெளிவந்த யூனிகோடு முறையில் தமிழுக்கு இடம் உண்டு. 2010 இல் தமிழக அரசும் அதனைத் தரமாக ஏற்றுக்கொண்டது. எனவே எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். முன்னொரு மாணவர் அதற்கு நிரல் எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டார். முதல் வரியிலேயே 'யாரும் கை வைக்க வேண்டாம்' என்று குறிப்பு எழுதியிருந்தார். அது ஆணவத்தால் எழுதியதன்று, அச்சத்தால் எழுதியது என்று உள்ளே போய்ப் பார்த்தபின் எனக்கு விளங்கிற்று.

பழைய எழுத்துருவில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே குறிகள் பதிவாகும். 'கெ' என்பதில் கொம்பு முதலில், க பிறகு. யூனிகோடில் க முதலில், கொம்பு பிறகு. ஆகவே கொம்பைக் கண்டால் அடுத்த எழுத்தோடு இடம் மாற்ற வேண்டும். முன்னவர் என்ன செய்தாரெனில், 18 மெய்க்கும் ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஐந்துக்கும், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, இணைக்கொம்பு மூன்றுக்குமாக, இருபத்து மூன்றை மூன்றால் பெருக்கி 69 'எனில்' எழுதியிருந்தார். சிதறிக் கிடந்த மற்றவை 6. பென்சிலால் குறியிட்டு எண்ணினேன். மொத்தம் 75, அளவு 76.

அந்த ஆறில் மூன்று, ஔகாரத்தின் பிள்ளைகள். அவ்வெழுத்துருவில் ஔகாரக் குறியின் வலப்பாதியும் 'ள' எழுத்தும் ஒன்றே. கொம்பு, க, ள என்று வந்தால் அது 'கௌ'வா, 'கெள'வா? கௌரி வேண்டும் என்று எழுதினால், 'வெளி'யும் 'வௌ' ஆகிப் பின்னால் ஒரு கொக்கி அநாதையாகத் தொங்குகிறது. எனவே 'வெளி எனில் விட்டுவிடு' என்று ஓர் ஒட்டு. பிறகு 'தெளி' அகப்பட்டது, இன்னோர் ஒட்டு. பிறகு 'நெளி'. நான் போன சமயம் மீன் பெயர்கள் அடங்கிய ஒரு சிறு நூலில் 'கெளிறு' மாட்டிக்கொண்டிருந்தது. (கெளுத்திக்கு ஆபத்தில்லை, 'ளு' அவ்வெழுத்துருவில் தனி எழுத்து. சங்கத் தமிழில் எழுதினால்தான் தொல்லை.) "நாலாவதா ஒண்ணு சேத்துடுங்க தம்பி, சாயங்காலம் அச்சுக்குப் போவணும்" என்றார் உரிமையாளர். சேர்த்தால் அளவு 77 ஆகும்; அடுத்த சொல் வரும்வரை பிழைத்திருக்கும்.

மேயர் லேமன் என்னும் அறிஞர் 1970களில் வகுத்த விதிகளுள் ஒன்று, பயன்பாட்டில் உள்ள நிரல் மாறிக்கொண்டே இருக்கும், மாற மாற அதன் சிக்கல் கூடும், யாராவது வேண்டுமென்றே உழைத்தாலொழியக் குறையாது என்கிறது. அன்று மாலைக்கு நான்காவது ஒட்டைப் போட்டுக் கொடுத்தேன். வேண்டுமென்றே உழைக்கும் வேலையை அடுத்த ஞாயிறு தொடங்கினேன்.

அதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. என் பாட்டியின் பெயர் 'சௌ' என்று தொடங்கும். ஒரு பதிவேட்டில் அது ச, ஔகாரக் குறி என இரண்டாகவும், மற்றொன்றில் ச, கொம்பு, ள என மூன்றாகவும் ஏறியிருந்தது. தாளில் அச்சிட்டால் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன. கணிப்பொறியோ இரண்டும் வேறு வேறு பெயர் என்கிறது. முதியோர் உதவித்தொகைக்காகப் பாட்டி மூன்று முறை பேருந்தேறிப் போனாள். "என் பேரு எனக்குத் தெரியாதா கண்ணு?" என்று கேட்டவளுக்கு நான் ஔகாரத்தை விளக்கிய காட்சியை இங்கே விவரிக்கப் போவதில்லை. எழுத்து மாற்றும் நிரல் ஒன்றில் ஒரு கிளை தவறினால் அதன் மறுமுனையில் இப்படி யாராவது நிற்கிறார்கள் என்பதற்காகச் சொன்னேன்.

69 'எனில்'களையும் எடுத்துவிட்டு, இருபத்து மூன்று எழுத்துகளையும் ஓர் அட்டவணையில் இட்டேன். எந்த எழுத்தானாலும் செய்யும் வேலை ஒன்றுதானே? பின் ஆறே கேள்விகள் எஞ்சின. இன்னும் எழுத்து இருக்கிறதா? இது கொம்பா? மெய்க்குப் பின் கால் வருகிறதா? 'ள' வருகிறதா? வந்தால், கொம்பு ஒற்றைக் கொம்புதானா? அந்த 'ள'வுக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இருக்கிறதா? கடைசிக் கேள்விதான் வெளி, தெளி, நெளி, கெளிறு அனைத்தையும் ஒரே அடியில் தீர்த்தது. 'ள' தனக்கென ஒரு குறி வைத்திருந்தால் அது ஔகாரத்தின் பாதியாக இருக்க முடியாது. ஆறும் ஒன்றும் ஏழு.

அளவு 7 எனில், நிரலின் வழிகளைச் சோதிக்க ஏழு சோதனைகள் வேண்டும் என்பதும் மெக்கேப்பின் கணக்கே. ஏழையும் தேர்ந்தெடுத்தது எனக்கு விளையாட்டாகவே இருந்தது. ஒன்றும் எழுதாத வெற்றுக் கோப்பு, மரம், கெடிலம், கொள்ளிடம், மேளம், வெளி, கௌரி. நம் ஊர் ஆறும் சிதம்பரத்து ஆறும் அதில் இடம்பெற்றதில் எனக்கு மகிழ்ச்சி. பழைய நிரலை இப்படிச் சோதிக்க 76 சோதனைகள் தேவைப்பட்டிருக்கும். அதை யாரும் செய்யவில்லை. செய்ய யாருக்கும் நேரமும் இல்லை.

வகுப்பில் இதைச் சொன்னபோது எங்கள் பேராசிரியர் ஒருவர் மடக்கினார். "சிக்கலைக் குறைத்தாயா, அட்டவணைக்குள் ஒளித்தாயா?" என்றார். நியாயமான கேள்வி. அட்டவணையில் ஓர் எழுத்து தவறாக இருந்தால் மெக்கேப்பின் எண் அதைக் காட்டாது. வேறு குறைகளும் அவ்வெண்ணுக்கு உண்டு. பன்னிரண்டு மாதப் பெயர்களை வரிசையாகக் கேட்கும் நிரலுக்கு அளவு 13 வரும். குழந்தையும் அதைப் படித்துவிடும். ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து 'எனில்' புதைந்த நிரலுக்கு அளவு 6தான் வரும். அதைப் படிக்கத் தலையைச் சொறிய வேண்டியிருக்கும். உள்ளடுக்கின் ஆழத்தையும் கணக்கில் எடுக்கும் வேறு அளவைகள் அண்மைக் காலத்தில் வந்திருப்பது இக்குறையினால்தான். இன்னொன்று, எண்ணைக் குறைப்பதற்காகவே ஒரு நிரலைப் பத்துத் துண்டாக வெட்டிப் பத்து இடத்தில் வைப்பவர்களும் உண்டு. பெரிய மூட்டையைப் பத்துச் சிறு மூட்டையாகக் கட்டிவிட்டு, பாரம் குறைந்தது என்று சொல்வது போன்றது அது. ஆயினும் அட்டவணையை நான் ஒளிப்பிடம் என்று ஒப்பமாட்டேன். மெய்ப்புப் பார்க்கும் பெரியவருக்கு நிரல் தெரியாது. அட்டவணையை அச்சிட்டுக் கொடுத்தபோது இடப்பக்கம் பழைய எழுத்து, வலப்பக்கம் புதிய எழுத்து என்று விரல் வைத்துப் படித்து, ஷவும் ஸவும் இடம் மாறியிருந்ததைக் கண்டுபிடித்தார். 69 'எனில்'களை யாரிடம் கொடுத்து மெய்ப்புப் பார்க்கச் சொல்வது?

அவரே கண்டுபிடித்த மற்றொன்றுக்கு என்னிடம் விடையில்லை. நாடகப் பிரதி ஒன்றில் ஒரு பாத்திரம் 'வெளக்கு' என்று பேச்சுவழக்கில் பேசுகிறது. இங்கே 'ள'வுக்குப் பின் குறியுமில்லை, புள்ளியுமில்லை. நிரல் அதை 'வௌக்கு' ஆக்கிவிட்டது. எட்டாவது கிளை போடலாம். போட்டால் 'வெளங்குது' வரும், அதற்கொரு கிளை. கிளை போடுவதில்லை என்று முடிவு செய்தோம். கொம்பும் 'ள'வும் சேர்ந்து ஔகாரமான சொற்களை எல்லாம் நிரல் ஒரு தனித் தாளில் எழுதித் தரும். பெரியவர் அதைப் படித்துத் தவறானவற்றைச் சிவப்பு மையால் சுழித்துத் தருவார். முதல் நாடகத்துக்கு அந்தத் தாள் ஒன்றரைப் பக்கம் வந்தது. இன்னும் பதினொரு நாடகங்கள் இருக்கின்றன.