ரெசாங் லா: பனி காத்த சாட்சியம்

லே நகரிலிருந்து சுஷூலுக்குப் போகும் பாதை முதலில் மூச்சை வாங்குகிறது. 17,500 அடிக்கும் மேலே இருக்கும் சாங் லா கணவாயைக் கடக்கும்போது சமவெளிக்காரர்களுக்குத் தலை கனக்கும்; பத்தடி நடந்தாலே நெஞ்சு படபடக்கும். டாங்சே கிராமத்தைத் தாண்டினால் பாங்காங் ஏரி. பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் அதன் நீலத்தைப் படமெடுத்துக்கொண்டு அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். ஏரிக்கரையோடு மான், மெரக் கிராமங்கள் வழியாக மேலும் போகிறவர்களுக்குத்தான் சுஷூல்.

இது வெறும் ஏரி அல்ல, எல்லையும்கூட. 134 கிலோமீட்டர் நீளமுள்ள இதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சீனாவின் கையில் இருக்கிறது. வடகரையிலுள்ள சிரிஜாப்பில்தான் 1962 அக்டோபரில் மேஜர் தன்சிங் தாப்பா தன் கூர்க்கா வீரர்களோடு நின்று போரிட்டார். அவர் இறந்துவிட்டதாகக் கருதி பரம்வீர் சக்ரா அறிவித்தார்கள். சீனர்களிடம் கைதியாக இருந்த அவரோ 1963 மே மாதம் உயிரோடு திரும்பி வந்தார். சீனப் போரில் பரம்வீர் சக்ரா பெற்றவர்கள் மூன்றே பேர். அவர்களில் இருவருடைய போர்க்களங்கள் இந்த வட்டாரத்திலேயே இருக்கின்றன. இரண்டாவது இடம் ரெசாங் லா. அங்கே போன மேஜர் திரும்பவில்லை.

சுஷூல் 14,000 அடிக்கு மேலே விரிந்து கிடக்கும் சமவெளி. கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரமில்லை. பஷ்மினா ஆடுகளையும் யாக்குகளையும் ஓட்டிச் செல்லும் மேய்ப்பர்கள், தூரத்தில் ராணுவ லாரிகள் கிளப்பும் புழுதி, ஓயாத காற்று. 1962-இல் இந்த ஊரின் மதிப்பே அதன் மண் ஓடுதளத்தில்தான் இருந்தது. அந்த அக்டோபர் கடைசியில் விமானப்படையின் ஏ.என்.-12 விமானங்கள் ஏ.எம்.எக்ஸ். டாங்கிகளையே சுமந்து வந்து இங்கே இறக்கின. சுஷூல் விழுந்தால் லேக்குப் போகும் வழி திறந்துவிடும் என்ற அச்சம் எல்லோருக்கும் இருந்தது.

சுஷூலுக்குத் தென்கிழக்கே, சராசரியாக 16,000 அடி உயரத்தில் இருக்கிறது ரெசாங் லா கணவாய். அதைக் காக்கும் பொறுப்பு 13-வது குமாவோன் பட்டாலியனின் சார்லி கம்பெனிக்குத் தரப்பட்டது. 120 பேர். அநேகமாக எல்லோரும் ரேவாரி, குர்காவ், மகேந்திரகட் பக்கத்து அஹிர் விவசாயக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். சமவெளியில் வளர்ந்தவர்கள், இந்த உயரமும் இந்தக் குளிரும் அவர்களுக்குப் புதிது. காஷ்மீரின் பாரமுல்லாவிலிருந்து அவசரமாக இங்கே கொண்டுவரப்பட்ட பட்டாலியன் அது. பனிக்கேற்ற உடைகள் போதவில்லை. கையிலிருந்தது ஒவ்வொரு முறையும் போல்ட்டை இழுத்துச் சுட வேண்டிய .303 ரைபிள். கூடவே கொஞ்சம் இலகு ரக இயந்திரத் துப்பாக்கிகள், சில மார்ட்டர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை மலையின் அமைப்பிலேயே இருந்தது. சுஷூலில் நின்ற இந்திய பீரங்கிகளுக்கும் ரெசாங் லாவுக்கும் நடுவே ஒரு முகடு மறித்து நிற்கிறது. பீரங்கிக் குண்டுகள் அதைத் தாண்டிக் கணவாயில் விழ வழியில்லை. மற்ற முனைகளுக்குக் கிடைத்த பீரங்கி உதவி இந்தக் கம்பெனிக்கு மட்டும் கிடையாது. சண்டை வந்தால் தனியாகத்தான் போரிட வேண்டும் என்பது முன்பே தெரிந்த விஷயம்.

கம்பெனியின் தலைவர் மேஜர் ஷைத்தான் சிங். ராஜஸ்தானில் பலோடி பக்கம் பானாசர் கிராமத்தில் 1924 டிசம்பர் 1 அன்று பிறந்தவர். தந்தை லெப்டினென்ட் கர்னல் ஹேம் சிங் முதல் உலகப் போரில் பிரான்ஸில் போரிட்டவர். மகன் ஜோத்பூரில் படித்து, ஜோத்பூர் சமஸ்தானப் படை வழியாக ராணுவத்துக்கு வந்தார். பலோடி தார் பாலைவனத்து ஊர். 2016 மே மாதம் 51 டிகிரி செல்ஷியஸ் வெப்பம் பதிவானது அங்கேதான். அந்த மண்ணில் பிறந்தவருக்கு விதி பனியில் இடம் ஒதுக்கியிருந்தது.

நவம்பர் 18 விடியலுக்கு முன், லேசான பனிப்பொழிவின் ஊடே, மலையிடுக்குகள் வழியாகச் சீனப் படையினர் ஏறி வந்தார்கள். முதல் அலைகள் சிதறடிக்கப்பட்டன. பிறகு சீனர்கள் கனரக மார்ட்டர்களாலும் பீரங்கிகளாலும் பதுங்குகுழிகளை நொறுக்கினார்கள். மலையைச் சுற்றிக்கொண்டு பின்புறமிருந்தும் வந்தார்கள். கம்பெனியின் மூன்று பிளட்டூன்களும் ஒன்றையொன்று எட்டாத தூரத்தில் இருந்தன. குண்டு மழையில் மேஜர் ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்த் தன் ஆட்களைத் திடப்படுத்தியதை விருதுக் குறிப்பே பதிவு செய்கிறது. அவர் படுகாயம் அடைந்ததும் வீரர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். இயந்திரத் துப்பாக்கி அவர்களைத் துரத்தியது. தன்னால் அவர்களும் சாவார்கள் என்று கண்ட மேஜர், விட்டுவிட்டுப் போகச் சொல்லி உத்தரவிட்டார். எதிரியின் பார்வை படாத ஒரு பாறைக்குப் பின்னால் அவரைச் சாய்த்து வைத்துவிட்டு அவர்கள் போனார்கள்.

அடுத்த சில நாட்களில் சீனா தானாகவே போர்நிறுத்தம் அறிவித்தது. டிசம்பர் 1 முதல் படைகளைப் பின்வாங்கப் போவதாகவும் சொன்னது. அன்று ஷைத்தான் சிங்குக்கு 38 வயது நிறைந்திருக்க வேண்டும். சுஷூல் கிராமமும் ஓடுதளமும் இந்தியாவின் கையிலேயே இருந்தன.

உயிரோடு திரும்பியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களுக்கு வேறொரு போராட்டம் காத்திருந்தது. கம்பெனி மொத்தமும் கடைசி வரை நின்று மடிந்தது என்று அவர்கள் சொன்னதை மேலிடத்தில் பலர் நம்பவில்லை. எல்லா முனைகளிலிருந்தும் பின்வாங்கல் செய்தியே வந்துகொண்டிருந்த நேரம் அது. ஒரே ஒரு கம்பெனி மட்டும் நகராமல் நின்றது என்றால் யார் ஏற்பார்கள்? உயிர் பிழைத்ததே குற்றமாயிற்று. ஊர் திரும்பிய சிலர், ஓடிவந்தவர்கள் என்ற பழியையும் சுமந்தார்கள். 1963 ஜனவரியில் டெல்லியில் லதா மங்கேஷ்கர் பாடி, பிரதமர் நேருவின் கண்களைக் கலங்கவைத்தபோது ரெசாங் லாவில் இறந்தவர்கள் இன்னும் பனிக்கடியில்தான் கிடந்தார்கள்.

பிப்ரவரியில் ஒரு லடாக் மேய்ப்பர் அந்தப் பக்கம் போனார். அவர் கண்ட காட்சியைக் கேட்டு ராணுவத்தினரும் செஞ்சிலுவைச் சங்கத்தினரும் மேலே ஏறினார்கள். உறைந்த உடல்கள் பதுங்குகுழிகளிலேயே இருந்தன. பலருடைய கைகள் ஆயுதங்களை விடவில்லை. ஒருவர் மார்ட்டர் குண்டைப் பிடித்தபடி இருந்தார். மருத்துவ உதவியாளரின் கையில் கட்டுத் துணியும் ஊசியும் இருந்தன. பாறை ஓரத்தில், வைத்த இடத்திலேயே, மேஜர். உயிரோடு வந்தவர்கள் சொன்னதில் ஒரு சொல்லும் மிகையில்லை என்பதை இறந்தவர்கள் நிரூபித்தார்கள். வீரர்களுக்கு மலைமீதே சிதை மூட்டப்பட்டது. மேஜரின் உடல் ஜோத்பூருக்குப் போனது. அவருக்குப் பரம்வீர் சக்ரா, அவருடைய ஆட்களில் எட்டுப் பேருக்கு வீர் சக்ரா.

சுஷூல் சமவெளியில் உள்ள நினைவிடம் 114 பேர் மடிந்ததாகச் சொல்கிறது. அது விரிவாகப் புதுப்பிக்கப்பட்டு, 2021 நவம்பர் 18 அன்று பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங்கால் திறந்துவைக்கப்பட்டது. அன்று, 1962-இல் அதே பட்டாலியனில் கேப்டனாக இருந்த ஓய்வுபெற்ற பிரிகேடியர் ஆர்.வி. ஜட்டாரின் சக்கர நாற்காலியை அமைச்சரே தள்ளிச் சென்றார். இப்போது சுற்றுலாப் பயணிகள் இங்கே வண்டியை நிறுத்தி, பெயர்களைப் படிக்கிறார்கள்.

ஆனால் கணவாயின் கதை அத்துடன் முடியவில்லை. 2020 ஆகஸ்ட் இறுதியில் இந்தியத் துருப்புகள் ரெசாங் லா உட்படக் கைலாஷ் மலைத்தொடரின் உச்சிகளைப் பிடித்தன. 2021 பிப்ரவரியில் உடன்பாடு ஏற்பட்டு இரு தரப்பும் விலகின. நடுவே யாரும் நுழையாத இடைமண்டலங்கள் உருவாயின. மேஜரின் உடல் கிடைத்த இடத்தில் இருந்த சிறிய நினைவுச் சின்னம் அந்த மண்டலத்துக்குள் சிக்கியதால் அகற்றப்பட்டுவிட்டது என்று, சுஷூல் பகுதியின் மலைக் கவுன்சில் முன்னாள் உறுப்பினர் 2023 டிசம்பரில் பகிரங்கமாகச் சொன்னார். மேய்ச்சல் நிலங்களும் கைவிட்டுப் போவதாக மேய்ப்பர்கள் குமுறினார்கள்.

அவர்களுடைய குமுறலுக்கு டெல்லி காது கொடுப்பது நல்லது. கீழே சமவெளியில் பளிங்கு எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் எழலாம். ஆனால் 1963-இல் அந்த 114 பேரின் மானத்தை மீட்டுத் தந்தது கோப்புகளோ விசாரணைக் குழுவோ அல்ல. ஆடுகளோடு மலையேறிய ஒரு மனிதர். அந்த மலைக்கு அவருடைய பேரப்பிள்ளைகளும் போகமுடிய வேண்டும்.