முடிமயிரும் மென்கூந்தலும்

கூந்தலின் மணம் இயற்கையானதா, செயற்கையானதா என்ற ஐயம் பாண்டியன் ஒருவனுக்கு எழுந்ததென்றும், அதன் பொருட்டுப் புலவர் அவையிலே பெரும் வழக்கு நிகழ்ந்ததென்றும் திருவிளையாடற் புராணம் கூறும். மணத்தைப் பற்றி அவ்வளவு தூரம் வாதிட்டவர்கள், கூந்தலின் நீளம் இயற்கையானதா என்று வினவியதாகத் தெரியவில்லை. வினவியிருப்பின் விடை கூற இறைவன் எழுந்தருள வேண்டியிருந்திராது; எங்கள் அம்மம்மாவே போதும். "பாதி கடவுள் தந்தது, பாதி நான் சேர்த்தது" என்று அவர் ஒளிவு மறைவின்றிச் சொல்லியிருப்பார்.

சவுரி என்று பலராலும் அழைக்கப்படும் ஒட்டுக்கூந்தலை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் முடிமயிர் என்றே வழங்குவர். அம்மம்மா தலைவாரும்போது சீப்பில் வந்த மயிரை எறிவதில்லை. சிக்கெடுத்து, விரலிற் சுற்றி, பனையோலைப் பெட்டியொன்றில் இட்டு வைப்பார். நாளொன்றுக்கு 50 முதல் 100 வரையான மயிர்கள் ஒரு தலையிலிருந்து உதிர்வது இயல்பு என்பர். ஆண்டுக்கணக்கில் அவ்வாறு சேர்ந்ததை ஒழுங்குபடுத்தி, ஒரு முனையில் நூலாற் கட்டி, மூன்று புரிகளாக்கித் தமக்கொரு முடிமயிர் செய்துகொண்டார். தலையினின்றும் வீழ்ந்த மயிரை, நிலை தாழ்ந்த மாந்தருக்கு உவமையாக்கினார் வள்ளுவர். வீழ்ந்த மயிர் மீண்டும் தலையேறுவதற்கும் வழியொன்று உண்டென்பதை எங்கள் வீட்டுப் பெண்கள் அறிந்திருந்தனர்.

அம்மம்மாவுக்கு அது தேவைப்பட்டமைக்குக் காரணம் அவருடைய மயிர் மென்மயிராக இருந்தமையே. அம்மென்மை அம்மாவுக்கும், அவர் வழியாக எனக்கும் என் தங்கைக்கும் வந்தது. மென்மயிரையும் அடர்த்தியற்ற மயிரையும் ஒன்றெனக் கொள்வோர் பலர். அவை வெவ்வேறானவை. அடர்த்தி என்பது மயிர்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. மென்மை என்பது தனியொரு மயிரின் தடிப்பைப் பொறுத்தது. மனிதத் தலைமயிரின் தடிப்புப் பொதுவாக 0.05 மில்லிமீற்றருக்கும் 0.1 மில்லிமீற்றருக்கும் இடைப்பட்டது. அக்கீழெல்லையை அண்டியதே மென்மயிர். தடிப்பு அரைவாசியாகும்போது குறுக்குவெட்டுப் பரப்புக் காற்பங்காகிவிடுகின்றது. ஆகவே தடித்த மயிர் ஒன்று தாங்கும் சுமையைத் தாங்குவதற்கு மென்மயிர்கள் நான்கு வேண்டும். முடிமயிரைப் பொருத்தும் கலையின் சிக்கல் முழுவதும் இச்சிறு கணக்கினுள் அடங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகின்றது.

அன்றாட வாழ்வில் முடிமயிர் இன்று அருகிவிட்டது. ஆயினும் பரத நாட்டிய மேடையில் அதன் ஆட்சி குறையவில்லை. பின்னல் இடைக்குக் கீழே தொங்கவேண்டும் என்பது அங்கே எழுதாத விதி. ஆடுபவளின் மயிரை உச்சியின் பின்புறத்தில் இறுக்கிக் கட்டி, அக்கட்டிலே சவுரியை முடிந்து, கொண்டை ஊசிகளாற் குத்தி, மூன்று புரியாகப் பின்னி, அதன்மேற் சடைநாகமும் பூச்சரமும் குஞ்சலமும் ஏற்றுவர். இத்தனை சுமையும் இறுதியில் வந்து தங்குவது ஒரேயொரு கட்டின்மீது. தடித்த மயிருடைய பிள்ளைக்கு இது பொறுக்கக்கூடியதே. மென்மயிருடைய பிள்ளையின் கட்டோ வழுக்கி இறங்குகின்றது. இறங்காதிருக்கவேண்டுமென்று மேலும் இறுக்குகின்றார்கள்.

என் தங்கைக்கு நேர்ந்ததும் அதுவே. அரங்கேற்றத்திற்கு ஆயத்தமாகிய ஆண்டிலே, முழுச் சடையுடன் ஆடிப் பழகவேண்டும் என்ற கட்டளைப்படி, வாரத்தில் மூன்று நாட்கள் அவள் தலையிற் சவுரி ஏறியது. சில மாதங்களில் நெற்றியின் இரு புறங்களிலும் மயிர்க்கோடு பின்வாங்கத் தொடங்கியது. கட்டும்போது கண்கள் கலங்கும். "நோகுது, ரீச்சர்" என்று சொன்னால், "கொஞ்சம் பொறு பிள்ளை, ஆடத் தொடங்கினால் தெரியாது" என்ற மறுமொழி வரும். ஆசிரியை அன்பற்றவர் அல்லர். அவரும் அவ்வாறே பொறுத்து ஆடியவர். அம்மாவோ, தலையைக் கெடுக்கும் ஆட்டம் வேண்டாம், வகுப்பை நிறுத்திவிடுவோம் என்று உறுதியாக நின்றார். எட்டு ஆண்டுகளாகக் கற்ற கலை ஒரு கட்டின் காரணமாக நின்றுவிடும் நிலை ஏற்பட்டது. இருவருக்கும் நடுவே தங்கை ஒன்றும் பேசாதிருந்தாள்.

இத்தகைய உதிர்வு புதியதன்று. தலைமயிரை இறுக்கி உயரக் கட்டும் வழக்கமுடைய கிறீன்லாந்துப் பெண்களின் நெற்றியோரத்தில் மயிர் அற்றுப்போவதை 1907ஆம் ஆண்டிலேயே மருத்துவ உலகம் குறித்து வைத்துள்ளது. ஓயாத இழுவையால் மயிர்க்கால் நலிவதே இதற்குக் காரணம். தொடக்கத்திலேயே இழுவையை நீக்கினால் மயிர் மீண்டும் வளரும்; நெடுங்காலம் தொடர்ந்தால் மயிர்க்கால் வடுவாகி, இழப்பு நிலைத்துவிடும். எனவே, நோவு என்பது பொறுத்துக்கொள்ளவேண்டிய ஒன்றன்று, அது எச்சரிக்கை.

ஒட்டுக்கூந்தலைத் தலையோடு சேர்த்துத் தைத்துவிடும் முறை ஒன்று உண்டென்று நான் அறிந்தது இந்நாட்களிலேதான். கிறிஸ்ரினா ஜென்கின்ஸ் என்ற ஆபிரிக்க அமெரிக்கப் பெண்மணி 1952இல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றார். அணிபவரின் சொந்த மயிரை நூல்களோடு சேர்த்துப் பின்னி அடித்தளம் ஒன்றை அமைத்து, மேல் விளிம்பு தைக்கப்பட்ட மயிர்ப்பட்டிகளை அதன்மேல் வைத்துத் தைப்பதே அவர் கண்ட முறை. பின்னர் அது பலவாறு வளர்ந்தது. இன்று பெரும்பாலும் தலைத்தோலை ஒட்டியவாறு வரிவரியாகச் சிறு பின்னல்களைப் பின்னி, வளைந்த ஊசியினால், பின்னலைச் சுற்றி நூல் வளையுமாறு பட்டிகளைத் தைக்கின்றனர்.

நம் முடிமயிருக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது. நாம் சுமையை ஒரு புள்ளியிற் குவிக்கின்றோம்; அவர்கள் அதைப் பல வரிகளிற் பங்கிடுகின்றனர். ஆயினும் மென்மயிருக்கு அங்கும் இடரில்லாமலில்லை. அடிப்பின்னல் மெலிதாயின் வழுக்கித் தளரும். தளராதிருக்க இறுக்கினால் மயிர்க்கால் வலுவிழக்கும். ஆதலின் அக்கலையில் தேர்ந்தோர் சில ஒழுங்குகளைக் கைக்கொள்கின்றனர். அடிப்பின்னலை மிக நுண்ணிதாக்காது ஓரளவு பருமனாக அமைத்தல். அதனுள் நூலையோ செயற்கை மயிரையோ சேர்த்துப் பின்னிப் பிடிப்பை மிகுவித்தல். பட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காது மெல்லியனவாகவும் சிலவாகவும் தைத்தல். நெற்றியோரத்து மயிரைப் பின்னலிற் சேர்க்காது விட்டுவிடுதல் என்பன அவற்றுட் சில. கழுவியபின் அடித்தளம் ஈரமின்றி உலரவேண்டும். உறங்கும்போது வழுவழுப்பான துணியாற் சுற்றிக்கொண்டால் உராய்வு குறையும். ஆறு அல்லது எட்டு வாரங்களில் முழுவதையும் பிரித்துவிடவும் வேண்டும். தலைமயிர் மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் வளர்கின்றது. அவ்வளர்ச்சியோடு பின்னல் தலைத்தோலைவிட்டு விலகி ஆடத் தொடங்குவதால், விலக விலக இழுவை மிகும்.

இம்முறையை அப்படியே எடுத்துக் கொள்ளவேண்டிய தேவை எங்களுக்கு இருக்கவில்லை. நாட்டியத்திற்கு வேண்டியது மூன்று மணிநேரப் பிடிப்பு மட்டுமே. எங்கள் ஊரில் மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்யும் பெண்மணி ஒருவரிடம் தங்கையை அழைத்துச் சென்றேன். அவர் அவளுடைய மயிரை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்துவிட்டு, "இந்தத் தலைக்கு முடிச்சுப் போடக்கூடாது, தங்கச்சி. தைக்கவேணும்" என்றார். மாலைகளையும் பூச்சரங்களையும் கூந்தலில் ஊசிநூலாற் தைத்துப் பழகிய கை அது. அமெரிக்கப் பெண்மணியைப் பற்றி அவர் கேள்விப்பட்டதில்லை; ஆயினும் சுமையைப் பங்கிடவேண்டும் என்ற உண்மையை அவர் தம் தொழிலிலிருந்தே கண்டிருந்தார்.

அவர் வகுத்த ஒழுங்கை இங்கே குறித்து வைத்தல் சிலருக்கேனும் பயன்படும். முதல்நாள் சீயாக்காய் இட்டு முழுகி, எண்ணெய் வைக்காது மயிரை உலர்த்தச் சொன்னார். மயிரின் மேற்புறம் கூரையில் வேய்ந்த கிடுகுகளைப் போன்று ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படிந்த செதில்களால் ஆனது. எண்ணெய் அவற்றை மூடி வழுவழுப்பாக்கிவிடும். பின்பு எந்தக் கட்டும் நில்லாது. மறுநாள் உச்சியிலிருந்த கட்டைப் பிடரிக்கு இறக்கினார். மேற்பாதி மயிரைத் தலையை ஒட்டித் தளர்வாகப் பின்னி, கீழ்ப்பாதியோடு சேர்த்தார். அப்பின்னலுக்குள் கறுப்புப் பருத்தி நூல் சில இழைகளை ஓடவிட்டார். சவுரியின் தலைப்பை அதன்மேல் வைத்து ஐந்து இடங்களிற் தைத்தார். நூல் மயிரை ஊடுருவாது பின்னலைச் சுற்றியே வளைந்தது. ஒவ்வொரு தையலுக்கும் பின்னர், "நோகுதோ?" என்று கேட்டார். ஒருமுறை தங்கை தயங்கியபோது அத்தையலை வெட்டி மீண்டும் இட்டார். சடைநாகத்தைத் தவிர்த்து நூற்பூக்களை வைத்தார். பின்னலின் கீழ்ப்பகுதியை ஒட்டியாணத்தின் உள்ளே செருகினார். அதனால் சுழன்று ஆடும்போது எழும் வீச்சினை இடை ஏற்றுக்கொள்ள, தலைக்கு வரும் இழுவை குறைந்தது.

சவுரியையும் அவர் மாற்றினார். கடையில் வாங்கியிருந்தது நீண்டதாயினும் எளிதிற் சிக்குப்பட்டது. உதிர்ந்த மயிரைச் சேர்த்துச் செய்யும்போது அடியும் நுனியும் மாறிக் கலந்துவிடுகின்றன. எதிரெதிர்த் திசையிலுள்ள செதில்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் சிக்கு விழும். சிக்கெடுக்க இழுக்கும் ஒவ்வோர் இழுப்பும் சொந்த மயிரையே சென்றடையும். ஒரே திசையில் அமையுமாறு வெட்டிச் சேர்த்த மயிருக்கு விலை மிகுதி. திருமலையில் அடியார் காணிக்கையாக இறக்கும் முடி ஏலத்தில் விற்கப்பட்டு உலகெங்கும் செல்வது பலரும் அறிந்ததே. யாரோ ஒருத்தி நேர்த்திக்காக இறக்கிய கூந்தல் வேறொருத்தியின் மேடை அழகாகின்றது. அத்தகையதை வாங்க எங்களிடம் வசதி இருக்கவில்லை. கடைச்சவுரியின் நீளத்திற் பாதியை வெட்டி, பருமனையும் குறைத்து, இலேசாக்கிக்கொண்டோம்.

பாதி நீளச் சடையை ஆசிரியை ஏற்பாரா என்ற அச்சம் இருந்தது. ஒத்திகைக்கு அம்மாவும் வந்திருந்தார். தில்லானாவின் விரைந்த அடவுகள் முடிந்த பின்னர் ஆசிரியை எழுந்து வந்து, சடையைக் கையிலே பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை. "நோகேல்லையோ?" என்று கேட்டார். "இல்லை, ரீச்சர்" என்றாள் தங்கை. அம்மா வகுப்பை நிறுத்துவது பற்றி அதன்பின் பேசவில்லை. ஒத்திகைகளிற் சவுரியின்றி ஆடுவதென்றும், அரங்கேற்றத்தன்று மட்டும் தைப்பதென்றும், ஆட்டம் முடிந்த அன்றிரவே பிரித்துவிடுவதென்றும் இருவரும் உடன்பட்டனர். இன்று அவளது நெற்றியோரத்திற் குறுமயிர் அரும்பியிருக்கின்றது. இடப்புறத்தில் ஒரு சிறு பகுதி இன்னும் வெறுமையாகவே உள்ளது.

ஐம்பால் என்று கூந்தலை ஐந்து வகையாக முடித்து மகிழ்ந்த மரபு நம்முடையது. முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என அவ்வகைகளுக்குப் பெயரிட்டு வைத்த நாம், முடிக்கும் தலை எத்தகையது என்பதை எண்ணிப் பார்த்தோமா என்பது ஐயமே. எல்லாத் தலைக்கும் ஒரே அளவுச் சடை என்று விதித்துவிட்டு, தாங்கமுடியாதவளைப் பொறுத்துக்கொள் என்கின்றோம். நம் பல்கலைக்கழகக் கலைவிழாக்களின் ஒப்பனை அறைகளிலும் இவ்வாண்டு பல தலைகளிற் சவுரி ஏறும். கட்டிவிடும் தோழியர் ஊசியை எடுக்குமுன் அம்மயிரை ஒருமுறை விரல்களுக்கிடையே உருட்டிப் பார்க்கட்டும். ஒவ்வொரு முடிச்சிற்குப் பின்னும் நோகின்றதா என்று கேட்கட்டும். ஆம் என்று விடை வந்தால், அவிழ்த்து மீண்டும் கட்டுவதற்கு வேண்டியது ஐந்து நிமிடமே.