2,800-இல் நிற்கும் ரெஞ்ச்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் பராமரிப்பு வேலை என்றால் அது கோடைக்காலத்து வேலை. மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகும் இடத்தில் இருக்கிற இந்த இடைவெளிக்குள் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்துவிட்டால், மே முதல் செப்டம்பர் வரை முப்பந்தல் காத்தாடிகளை நிறுத்த எந்த முதலாளிக்கும் மனம் வராது. அதற்கு முன்பே ஒவ்வொரு டவரையும் அடி முதல் நுனி வரை பார்த்து முடித்தாக வேண்டும். தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அதைத் தாங்கி நிற்பவை நட்டும் போல்ட்டும்தான். நான் அங்கே போனது அவற்றை இறுக்குகிறவர்களைப் பார்க்க.

குழுவின் வண்டியில் இரண்டு பேட்டரிக் கருவிகள் இருந்தன. இரண்டுமே 18 வோல்ட். தூரத்திலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி என்று நினைக்கத் தோன்றும். ஒன்று இம்பாக்ட் ரெஞ்ச்; நான்குவழிச் சாலை ஓரத்து டயர் கடைகளில் லாரிச் சக்கரத்தைக் கழற்றும்போது தடதடக்கிற ஏர் கன்னின் கம்பியில்லா வடிவம். மற்றொன்று டார்க் ரெஞ்ச். பக்கவாட்டில் தடித்த இரும்புக் கை ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. விலையில் முதலாவதைவிடப் பல மடங்கு.

இம்பாக்ட் ரெஞ்சின் உள்ளே ஒரு சுத்தியல் சுழல்கிறது. நட் லேசாகச் சுற்றும்வரை அது சும்மா கூடவே சுற்றும். நட் முரண்டு பிடித்தால் சுத்தியல் பின்வாங்கி, ஸ்பிரிங் தள்ள, பக்கவாட்டில் அடிக்கும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் இப்படி அடி விழும். ஒவ்வோர் அடியும் நொடிக்கும் மிகக் குறைவான நேரமே நீடிப்பதால் பிடித்திருப்பவரின் மணிக்கட்டு திருகிப்போவதில்லை; ஒற்றை ஆளே பெரிய நட்டைக் கழற்றிவிடலாம். துருப்பிடித்த நட்டுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆனால் எவ்வளவு இறுகியது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. பேட்டரி இறங்கினால் அடி தளரும். சாக்கெட்டுக்கு நடுவே எக்ஸ்டென்ஷன் போட்டால் அடியில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும். விசையை இரண்டு நொடி கூடுதலாக அழுத்தினால் இறுக்கம் ஏறிப்போகும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் அதன் உச்சபட்ச வலிமை. நட்டில் போய்ச் சேர்ந்த கணக்கு வேறு.

டார்க் ரெஞ்ச் அடிப்பதில்லை. மோட்டாரின் வேகத்தை அடுக்கடுக்கான கோள் பற்சக்கரங்கள் குறைத்துக் குறைத்து முறுக்கு விசையாக மாற்றுகின்றன. நட் கண்ணுக்குத் தெரியும் வேகத்தில், நிதானமாகத் திரும்புகிறது. குறித்து வைத்த அளவு வந்ததும் கருவி தானே நின்றுவிடும்.

அந்த அளவு சின்னதல்ல. டவரின் இரு துண்டுகள் சேரும் பிளேஞ்சில் 36 மில்லிமீட்டர் போல்ட் இருந்தால், அதன் 10.9 வலிமை ரகத்துக்கு ஜெர்மானிய எஃகுக் கட்டுமான நெறி சொல்வது 2,800 நியூட்டன் மீட்டர். எழுபது கிலோ ஆள் ஒருவர் நான்கு மீட்டர் நீளக் குழாயின் நுனியில் தொங்கினால் வரும் முறுக்கு அது. 18 வோல்ட் கருவியால் இதைச் செய்ய முடிவதே அந்தப் பற்சக்கரங்களால்தான். எதிர்விசை எங்காவது போய்ச் சேர வேண்டுமே, அதற்காகத்தான் பக்கவாட்டு இரும்புக் கை. அது அடுத்த நட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் விரல் அகப்பட்டால் விரல் மிஞ்சாது.

“மக்கா, கை எங்க இருக்கு?” என்று குழுவின் மூத்தவர் ஒவ்வொரு முறையும் கேட்டார். “இங்கதான் அண்ணே” என்று உடனிருந்த இளைஞர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிய பிறகே விசை அழுந்தியது.

முன்பு இந்த வேலைக்கு ஹைட்ராலிக் ரெஞ்ச்தான். 700 பார் அழுத்தத்தில் எண்ணெய் தள்ளும் பம்பு, அதற்கு மின்சாரம், குழாய்கள் எல்லாவற்றையும் மேலே ஏற்ற வேண்டும். பெரிய போல்ட்டுகளுக்கு இன்றும் அதுவே. சிறியவற்றுக்கும் நடுத்தரத்துக்கும் பேட்டரி வந்ததில் ஏணிமேல் சுமை குறைந்தது. ஆனால் கோடையில் டவருக்குள் புழுங்கும் சூடு பேட்டரிக்கு ஆகாது. அளவுக்கு மீறிச் சூடானால் அதுவே மின்னோட்டத்தைத் துண்டித்துக்கொள்ளும். குழுவினர் ஒன்றை ஆறவிட்டு அடுத்ததை மாட்டினார்கள்.

இரண்டு கருவிகளுக்கும் வேலை பிரித்திருந்தார்கள். மாற்ற வேண்டிய போல்ட்டுகளைக் கழற்றவும், புதியவற்றின் நட்டை வாஷர்வரை ஓட்டவும் இம்பாக்ட். அதன் பிறகு அது பைக்குள் போய்விடும். ஒருமுறை முழு இறுக்கம் பார்த்த போல்ட்டைத் திரும்பப் போடுவதில்லை. இறுக்குவது டார்க் ரெஞ்சின் பங்கு: ஒரே மூச்சில் அல்ல, படிப்படியாக, எதிரெதிர்ப் பக்கமாக மாறி மாறி.

எண்ணைக் காட்டும் கருவி வந்தபின் மனிதனுக்கு என்ன வேலை என்று எனக்குத் தோன்றியது. மூத்தவர் பதிலாகக் காட்டியது ஒரு பிரஷ்ஷையும், உராய்வைக் குறைக்கும் மாலிப்டினம் பேஸ்ட் டப்பாவையும்.

போல்ட்டின் உண்மையான வேலை முறுக்கிக்கொள்வதல்ல, மயிரளவு நீண்டு, திரும்பச் சுருங்கப் பார்க்கும் அந்த இழுப்பால் இரு பிளேஞ்சுகளையும் நெருக்கிப் பிடிப்பது. அந்த 36 மில்லிமீட்டர் போல்ட் தர வேண்டிய இழுவிசை 510 கிலோநியூட்டன், ஏறக்குறைய 52 டன். நாம் கொடுக்கும் முறுக்கில் சுமார் பாதி நட்டின் அடிப்பரப்பு உராய்விலும், 40 விழுக்காடு மரையின் உராய்விலும் கரைந்துபோகிறது. போல்ட்டை நீட்டுவதற்கு மிஞ்சுவது 10 விழுக்காடு. உராய்வு கொஞ்சம் மாறினாலும் அந்த மிச்சம் பெரிதாக ஆடும். பேஸ்ட் தடவாமல் விட்டாலோ மரையில் மணல் ஒட்டியிருந்தாலோ திரையில் 2,800 வரும், போல்ட் தளர்ந்தே கிடக்கும். கண்டபடி அப்பினால் அதே 2,800-இல் அளவுக்கு மீறி நீண்டுவிடும். உப்புக்காற்றும் புழுதியும் சேர்ந்த இடத்தில் இது ஏட்டுக் கவலையல்ல. இளைஞர் ஒவ்வொரு மரையையும் துணியால் துடைத்து, மரையிலும் நட் உட்காரும் முகத்திலும் மட்டும் மெல்லிசாகத் தடவினார்.

இறுக்கிய நட்டின் மேலிருந்து பிளேஞ்ச் வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடப்படுகிறது. அடுத்த ஆண்டு கோடு விலகியிருந்தால் நட் சுற்றியிருக்கிறது என்று பொருள். பேட்டரிக் கருவியோ நட்டுக்கு நட் முறுக்கு அளவையும் திரும்பிய கோணத்தையும் நேரத்தோடு பதிந்து வைக்கிறது. மூத்தவர் முதலில் பார்ப்பது கோணத்தைத்தான். மற்றவை திரும்பியதில் பாதிகூடத் திரும்பாமல் 2,800-ஐத் தொட்ட நட்டென்றால் மரை எங்கோ பிடிக்கிறது. அதிகம் திரும்பியிருந்தால் போல்ட் இளகியிருக்கலாம். அன்று ஒரு நட் அப்படிச் சீக்கிரமே நின்றது. இளைஞர் இம்பாக்டை எடுத்துக் கழற்றி, போல்ட்டை ஒதுக்கிவிட்டு, புதியதைத் துடைக்க ஆரம்பித்தார்.