குலுவிலிருந்து ஒரு மாத்திரைக் கடிதம்

குலு, வடக்கு உகாண்டா

அன்புள்ள மல்லிகா,

நீ அனுப்பிய சாமான் பட்டியலைப் பார்த்தேன். புளி, இட்லிப்பொடி, மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட சான்று எல்லாம் இருக்கிறது. மலேரியா மாத்திரையைத்தான் காணோம். ஊசிச் சான்று இல்லாமல் உகாண்டாவுக்குள் விடமாட்டார்கள், அதனால் எல்லோரும் போட்டுக்கொண்டு வருகிறார்கள். மாத்திரையை எந்த விமான நிலையத்திலும் கேட்பதில்லை, அதனால் மறந்துவிடுகிறார்கள். அந்த ஊசிக்கும் மலேரியாவுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இந்த ஊரில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் மலேரியாதான்.

"சின்ன வயசிலிருந்து கொசுக்கடியில் வளர்ந்தவர்கள்தானே நாம்" என்று உன் வீட்டுக்காரர் சொல்வார். சென்னையில் வருவது பெரும்பாலும் வைவாக்ஸ் மலேரியா. இங்கே இருப்பது பால்சிபாரம், மூளைவரை போய்ச் சில நாளில் ஆளையே முடித்துவிடக்கூடியது. உகாண்டாக்காரர்களே சில வருஷம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்தால் உடம்பின் பழைய எதிர்ப்பு குறைந்து படுத்துவிடுகிறார்கள். கொரோனா சமயத்தில் வாங்கி வைத்த ஹைட்ராக்ஸி குளோரோகுயின் வீட்டில் கிடக்கிறது என்றாயே, அதை நம்பி வராதே. ஆப்பிரிக்காவின் பால்சிபாரத்துக்கு எதிராகக் குளோரோகுயின் குடும்பம் தோற்றுப் பல வருஷமாயிற்று.

தடுப்புக்குப் பொதுவாகக் கொடுப்பது மூன்று மருந்துகள், டாக்டர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். அட்டோவாக்வோன்–புரோகுவானில் என்ற கூட்டு மாத்திரை ஊரில் எல்லா மருந்துக்கடையிலும் இருக்கும் சரக்கல்ல, முன்கூட்டியே சொல்லிவை. கிளம்புவதற்கு ஓரிரு நாள் முன்பு தொடங்கித் தினம் ஒன்று, சாப்பாட்டோடு. ஊர் திரும்பிய பிறகும் 7 நாள் விடக்கூடாது. டாக்ஸிசைக்ளின் மலிவு. ஆனால் திரும்பிய பிறகு 4 வாரம் தொடர வேண்டும். ஏன் இவ்வளவு வித்தியாசம்? கொசு விட்டுப்போகும் கிருமி முதலில் கல்லீரலில் ஒளிந்து பெருகுகிறது. முதல் மருந்து அங்கேயே பிடித்துவிடும். கிருமி ரத்தத்துக்கு இறங்கிய பிறகுதான் டாக்ஸிசைக்ளின் வேலை செய்யும், எனவே கடைசிக் கிருமி வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டும். விமானம் ஏறியதும் மாத்திரையை நிறுத்துகிறவர்கள்தான் ஊரில் போய்ப் படுக்கிறார்கள்.

டாக்ஸிசைக்ளின் உன் மகளுக்கு ஆகாது, 8 வயது நிரம்பாத பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை. கர்ப்பிணிகளுக்கும் கூடாது. பெரியவர்கள் நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கிய கையோடு படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலில் தோலும் சீக்கிரம் கருகும். வாரம் ஒன்று போதும் என்ற மெஃப்ளோகுயின் சுலபமாகத் தோன்றும், ஆனால் சிலருக்குக் கெட்ட கனவு, பதற்றம், மனக்குழப்பம் வரை கொண்டுபோகிறது. 2013இல் அமெரிக்க மருந்துத் துறை அதன் பெட்டியிலேயே கடுமையான எச்சரிக்கை போட வைத்தது. மனநோய், வலிப்பு இருந்தவர்கள் தொடக்கூடாது. என்னைக் கேட்டால், வேறு வழி இருக்கும்போது அதன் பக்கம் போகவேண்டாம்.

இனி வைத்தியத்துக்கு வருகிறேன். நான் தங்கியிருக்கும் விடுதிக் காவலாளிக்குப் போன வாரம் காய்ச்சல். போடா போடாவில், அதாவது வாடகை மோட்டார்சைக்கிளில், ஆரம்ப சுகாதார நிலையம் போனார். விரலில் ஒரு சொட்டு ரத்தம், கால் மணி நேரத்தில் மலேரியா என்று தெரிந்தது. ஆர்ட்டிமீத்தர்–லூமிஃபான்ட்ரின் அட்டை கொடுத்தார்கள். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 4, மூன்று நாளில் ஆறு வேளை, ஆக 24 மாத்திரை. மறுநாளே காய்ச்சல் விட்டது. மீதி மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுவைத்தார், தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் ஆகுமாம்! விடுதிக்கார அம்மாள் திட்டிய திட்டில் மிச்சத்தையும் விழுங்கினார்.

அந்த அம்மாள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆர்ட்டிமீத்தர் அடித்து நொறுக்கிவிட்டுச் சில மணி நேரத்தில் உடம்பைவிட்டுப் போய்விடும். தப்பிய கிருமிகளை நாள்கணக்கில் தங்கித் துடைப்பது லூமிஃபான்ட்ரின்தான். அரைகுறை வைத்தியத்தில் பிழைக்கும் கிருமி மருந்துக்கு மெல்லப் பழகிக்கொள்கிறது. ஆர்ட்டிமீத்தர் சேர்ந்த ஆர்ட்டிமிசினின் மருந்துக் குடும்பத்துக்குச் சற்றே அடங்காத கிருமிகள் இந்த வடக்கு உகாண்டாவிலேயே இருப்பதாக 2021இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதையும் இழந்தால் அடுத்த மருந்துக்கு எங்கே போவது?

இந்தக் கூட்டு மாத்திரை கொழுப்புள்ள சாப்பாட்டோடுதான் உடம்பில் நன்றாகச் சேரும். இங்கே அதற்கு ரோலெக்ஸ் இருக்கிறது. கைக்கடிகாரம் இல்லை, சப்பாத்திக்குள் முட்டையைச் சுருட்டிய தெருக்கடைப் பண்டம். பிள்ளைகளுக்குப் பால் போதும். விழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையைத் திரும்பக் கொடுக்க வேண்டும். வாந்தி நிற்காவிட்டாலோ, மயக்கமோ வலிப்போ கண்டாலோ மாத்திரை உதவாது, ஆஸ்பத்திரியில் ஆர்ட்டிசுனேட் ஊசிதான்.

ஆர்ட்டிமீசியா இலைத்தேநீர் குடித்தால் மலேரியா அண்டாது என்றும் சிலர் சொல்வார்கள். அந்தச் செடியிலிருந்துதான் சீனாவின் தூ யூயூ மருந்தைப் பிரித்தெடுத்து 2015இல் நோபல் வாங்கினார், உண்மை. ஆனால் ஒரு கோப்பைத் தேநீரில் மருந்து எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. இந்த நாட்டின் கிபாலே காட்டுச் சிம்பன்சிகள்கூட மலேரியாக் கிருமியை ஒடுக்கும் சத்துள்ள ஓர் இலையைத் தின்கின்றன. அதைப் பார்த்து நாமும் இலை பறிக்கக் கிளம்ப முடியாது.

எந்த மாத்திரையும் முழுக்காப்பு அல்ல, வலை கட்டித்தான் தூங்க வேண்டும். டாக்டரிடம் போகும்போது பிள்ளையின் எடையைக் குறித்துக்கொண்டு போ, அளவெல்லாம் எடைக்கணக்கில்தான். உன் வீட்டுக்காரர் தினம் சாப்பிடும் மருந்துச் சீட்டையும் காட்டு. சிறுநீரகக் கோளாறு, ரத்தம் உறையாதிருக்கச் சாப்பிடும் மாத்திரை எது இருந்தாலும் மறைக்காதே. இங்கே காய்ச்சல் கண்டால் தடுப்புக்குக் கொண்டுவந்த மாத்திரையையே அள்ளிப் போட்டுக்கொள்ள வேண்டாம், ரத்தப் பரிசோதனைக்குப் போ. ஊர் திரும்பிய பிறகும் ஒரு வருஷம் வரை யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், டெங்குவா டைபாய்டா என்று டாக்டர் யோசிக்கத் தொடங்குமுன் "உகாண்டா போய் வந்தோம், மலேரியாவுக்குப் பாருங்கள்" என்று நீயே முதலில் சொல்லிவிடு.

அன்புடன்,
வசந்தா