இரும்பின் வயது

பாசிர் ரிஸ் கடற்கரைப் பூங்காவை ஒட்டிய குதிரை லாயம் ஒன்றில் பணிபுரியும் பெரியவர் ஒருவர், 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை காலை என்னைத் தொலைபேசியில் அழைத்து, "தெம்பனிஸ்ல ஒரு பழைய ஜீப் இருக்காம், பாக்கப் போறேன், கூட வர்றீங்களா?" என்று கேட்டார். ஐம்பது ஆண்டுகளாகக் குதிரைகளோடு வாழ்ந்த ஒருவர் வண்டி வாங்கப் புறப்படுகிறார் என்பது எனக்கு விசேஷமாகப் பட்டதால், கையிலிருந்த வேலைகளை ஒதுக்கிவிட்டு, பத்து மணிக்கெல்லாம் தெம்பனிஸ் எம்.ஆர்.டி. நிலைய வாசலில் அவருக்காகக் காத்து நின்றேன்.

பெரியவரின் தந்தை தஞ்சைச் சீமையிலிருந்து வந்து, புக்கித் தீமா பந்தயத் திடலில் சைஸாக இருந்தவர். அரபு மொழியில் பிறந்த சைஸ் என்னும் அச்சொல், இந்துஸ்தானி வழியாக மலாயாவுக்கு வந்து, குதிரைக்குத் தீனி வைத்து, குளிப்பாட்டி, கூடவே நடந்து, அதன் உடம்பில் நேரும் ஒவ்வொரு மாற்றத்தையும் மற்ற எவருக்கும் முன்பாக அறிந்துகொள்ளும் மனிதரைக் குறிப்பதாயிற்று. சிங்கப்பூரில் குதிரைப் பந்தயம் 1843-இல், தேக்காவை அடுத்த ஃபேரர் பார்க் திடலில் தொடங்கியது. வாழையிலைச் சாப்பாட்டுக்காக நாம் இன்று செல்லும் ரேஸ் கோர்ஸ் சாலையின் பெயரே அதற்குச் சாட்சி. அங்கிருந்து 1933-இல் புக்கித் தீமாவுக்கும், 1999-இல் கிராஞ்சிக்கும் பெயர்ந்த பந்தயம், 2024 அக்டோபர் 5-ஆம் தேதியோடு முற்றுப்பெற்றது. தந்தையும் மகனுமாக இரண்டு தலைமுறை அந்த லாயங்களில் உழைத்த குடும்பம் அவருடையது. இதில் நான் அன்று பேருந்தில் போகும்போதுதான் சிந்தித்த ஒரு விஷயம் உண்டு: புக்கித் தீமாவைவிட்டுக் குதிரைகள் போன பிறகு, அந்தப் பழைய பார்வையாளர் மாடத்தைச் சூழ்ந்த இடமெல்லாம் டர்ஃப் சிட்டி என்ற பெயரில் பழைய கார் வியாபாரிகளின் சந்தையாகிப் பல ஆண்டுகள் நடந்து, 2023-இன் இறுதியில் அந்தச் சந்தையும் கலைந்தது. "அப்பா குதிரைக்குத் தண்ணி ஊத்தின இடத்துல கார் கழுவிக்கிட்டு இருந்தாங்க, நானே பாத்திருக்கேன்" என்று பெரியவர் சொன்னபோது அவர் குரலில் வருத்தம் இருந்ததா என்று என்னால் நிச்சயிக்க முடியவில்லை.

அவர் இப்போது பணிபுரியும் லாயத்தில், கிராஞ்சியில் ஓடி ஓய்ந்த இரண்டு குதிரைகள் இருக்கின்றன. குழந்தைகளுக்குச் சவாரி பழக்கும் சாந்தமான பணி அவற்றுக்கு. இரண்டு குதிரைகள் நிற்கக்கூடிய ஒரு டிரெய்லரும் லாயத்துக்கு எப்படியோ கிடைத்துவிட்டது. அதை இழுக்கத்தான் வண்டி இல்லை. வைத்தியரிடம் கொண்டுபோக ஒவ்வொரு முறையும் லாரியை வாடகைக்கு அமர்த்திக் கட்டுப்படியாகாததால், லாயத்தார் ஒரு பழைய ஜீப்பை வாங்கலாம் என்று தீர்மானித்து, தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பெரியவரிடம் ஒப்படைத்திருந்தார்கள்.

தெம்பனிஸ் என்பது மரத்தின் பெயர். மிகக் கடினமான மரம். இன்று அதை நகருக்குள் தேடித்தான் காண வேண்டும். அடுக்குமாடி வீடுகளைக் கடந்து தொழிற்பேட்டைக்குள் நுழைந்தால், சுருட்டிவிட்ட இரும்புக் கதவுகளுக்குள் வரிசையாக ஒர்க்‌ஷாப்புகள். அவற்றில் ஒன்றின் முன்னே, வெயிலில் வெளிறிய பச்சை நிறத்தில், லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 ஒன்று நின்றுகொண்டிருந்தது. உரிமையாளரான சீனத் தவ்கே பெரியவரை மலாயில் வரவேற்றார். வண்டியைத் தூக்கிக் காட்ட, பக்கத்துப் பட்டறையில் வேலை செய்யும் தமிழ் மெக்கானிக் ஒருவரையும் அழைத்திருந்தார். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அந்த இளைஞருக்கு ஊர் ஈரோடு மாவட்டம், அந்தியூர்ப் பக்கம். குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தையைச் சிறுவயது முதல் பார்த்து வளர்ந்தவர் என்று தெரிந்ததும், பெரியவர் அவர் தோளில் கைவைத்து, "அப்ப உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, தம்பி" என்றார்.

வண்டியைப் பார்ப்பதற்கு முன் அதன் காகிதத்தைப் பார்த்தாக வேண்டும். சிங்கப்பூரில் வாகனத்தின் ஆயுளைக் காகிதமே நிர்ணயிக்கிறது. 1990 முதல் இங்கே ஒவ்வொரு வாகனத்துக்கும் சி.ஓ.இ. என்னும் உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். அது பத்தாண்டுகள் செல்லும். அதன் பின், கடந்த 3 மாத ஏல விலைகளின் சராசரியைச் செலுத்தி 5 ஆண்டுக்கோ 10 ஆண்டுக்கோ நீட்டிக்கலாம், 5 ஆண்டுக்கு நீட்டித்தால் மறுபடி நீட்டிக்க வழியில்லை. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 150,001 வெள்ளிக்குப் போனதை ஊரே பேசிற்று. ஆகவே இங்குள்ள வியாபாரிகள் வண்டியின் விலையை மீந்திருக்கும் ஆண்டுகளால் வகுத்து, "வருஷத்துக்கு எவ்வளவு டிப்ரி?" என்றே கணக்குப் பேசுகிறார்கள். நம் வண்டி 2010-இல் பதிவானது. பத்தாண்டு முடிந்ததும் மேலும் பத்தாண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று மேல் மீதமிருந்தது. தவ்கே இதை விவரித்துக்கொண்டிருக்கையில் பெரியவர் தலையசைத்தாரே ஒழிய, அவர் பார்வை வண்டியின் அடிவயிற்றிலேயே நிலைத்திருந்தது. "காகிதத்துக்கு இவ்வளவு வயசுன்னு சொல்லிட்டார், இரும்புக்கு என்ன வயசுன்னு நீ சொல்லு, தம்பி" என்றார் மெக்கானிக்கிடம்.

அதன்பின் நான் கண்டது ஒரு பரீட்சை. வண்டி தலைக்கு மேல் உயர்ந்தது. இளைஞர் ஒரு சிறு சுத்தியலை எடுத்து, சேசிஸ் என்னும் அடிச்சட்டத்தின் முன்முனையிலிருந்து ஒரு சாண் விட்டு ஒரு சாண் தட்டிக்கொண்டே பின்னால் நடந்தார். லேண்ட் ரோவர் 1948-இல் பிறந்தபோது பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்தமையால் அதன் மேனியை அலுமினியத்தால் செய்தார்கள். அந்தப் பழக்கம் 2016 ஜனவரியில் பழைய டிஃபெண்டரின் உற்பத்தி நிற்கும் வரை தொடர்ந்தது. இதனால் மேலே துரு அவ்வளவாகத் தென்படாது. மற்ற கார்களில் பட்டி பூசி மறைத்த இடத்தைக் காந்தத்தை ஒட்டிப் பார்த்துக் கண்டுபிடிப்பதுபோல் இதில் கண்டுபிடிக்கவும் முடியாது, அலுமினியத்தில் காந்தம் ஒட்டுவதில்லை. ஆனால் அத்தனை பாரத்தையும் தாங்கும் சேசிஸ் எஃகுதான். உள்ளே கூடாக இருக்கும் பெட்டி இரும்பு. அது வெளியிலிருந்து அரிப்பதைவிட உள்ளிருந்தே அதிகம் அரிக்கும். கண்ணுக்குப் புலப்படாத அந்த வியாதியைக் காதால் அறிவதுதான் அவருடைய வித்தை. தட்டத் தட்ட இரும்பு கணீரென்று பதில் சொல்லிக்கொண்டு வந்தது. பின்முனைக்கு வந்ததும், பதில் மாறிற்று. நனைந்த பலகையைத் தட்டினாற்போல் ஓர் ஓசை. அவர் சுத்தியலைப் பையில் செருகிவிட்டு, ஒரு திருப்புளியை எடுத்து அவ்விடத்தில் மெல்ல அழுத்தினார். அது ஒரு விரற்கடை உள்ளே இறங்கியது. வெளியே எடுத்தபோது, சேசிஸின் வடிகால் துளை வழியாகச் செம்மண் பொடி உதிர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது.

"காட்டுக்குள்ள போயிருக்குதுங்க, ஐயா. மலேசியாப் பக்கம் காட்டுமண்ணுங்க இது. உள்ள அடைச்சுக்கிட்டு ஈரத்தைப் புடிச்சு வச்சிருக்குது. கடல்ல படகு இழுத்த வண்டியா இருந்தா வெள்ளையாப் பூத்திருக்கும்; அது இல்லை" என்றார். பெரியவர் அந்த மண்ணைத் தம் விரலுக்கிடையே நசுக்கிப் பார்த்தார்.

அரித்திருந்தது பின் குறுக்குச் சட்டம். இந்த வண்டியில் அது எளிதில் கெடும் உறுப்பு என்பது தொழிலறிந்தவர்களுக்குத் தெரிந்ததே. ஆனால் டிரெய்லரை மாட்டும் டோ பாரைப் பிணைப்பதும் அதிலேதான் என்பதால், குதிரைக்காரருக்கு அதுவே வண்டியின் முதுகெலும்பு. ஒரு பந்தயக் குதிரை ஏறக்குறைய 500 கிலோ எடை. இரண்டு குதிரைகளோடு டிரெய்லரின் எடையும் சேர்ந்தால் 2,000 கிலோவை எட்டும். பிரேக் உள்ள டிரெய்லரானால் 3,500 கிலோ வரை இழுக்க டிஃபெண்டர் 110-க்குத் திறன் உண்டு என்று தவ்கே எடுத்துரைத்தார். பெரியவருக்கோ அக்கணக்கில் சிரத்தையில்லை.

"இழுக்கிறதுக்கு எது வேணும்னாலும் இழுக்கும். நிக்கணும் தம்பி, நிக்கிறதுதான்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை விளக்குவதற்கு அவர் எடுத்துக்கொண்ட அவகாசத்தில், குதிரைகளை வண்டியில் ஏற்றிச் செல்வதைப் பற்றி நான் அதுவரை அறிந்திராத பலவற்றை அறிந்தேன். டிரெய்லருக்குள் நிற்கும் குதிரைக்குச் சாலை தெரியாது. எப்போது வளைவு வரும், எப்போது விளக்குச் சிவப்பாகும் என்பதை அது முன்னறிய வழியில்லை. நான்கு கால்களையும் அகல ஊன்றி, கழுத்தை இறக்கியும் ஏற்றியும் தன் சமநிலையைக் காத்துக்கொண்டே வருகிறது. ஒரு மணி நேரப் பிரயாணம் அதற்கு ஒரு மணி நேர உழைப்பு. வண்டிக்காரன் சட்டென்று பிரேக்கை மிதித்தால், டிரெய்லர் வண்டியின் முதுகில் வந்து முட்டும். அந்த முட்டுதலின் விசையே டிரெய்லரின் சொந்தப் பிரேக்கை அழுத்தும்படி அதன் கொக்கியின் தலையில் ஓர் அமைப்பு இருக்கிறது. அந்த அமைப்பு நன்றாக இயங்கினாலும், முன்னே செல்லும் வண்டி கனமாகவும் நிதானமாகவும் இல்லாவிட்டால், பின்னால் வருவது முன்னால் போவதை ஆட்டிப் படைக்கும். ஒற்றைக் குதிரையை ஏற்றினால் வலப்பக்கத்தில்தான் நிறுத்த வேண்டும்; இடப்பக்கம் ஓட்டும் நம் சாலைகள் ஓரத்தை நோக்கிச் சரிந்திருப்பதால், இடப்பக்கம் நிறுத்தினால் டிரெய்லர் ஓரத்துக்கு இழுக்கும். இரண்டானால் கனமானது வலப்பக்கம். இளம் வயதில், யாரோ ஓட்டிய வண்டியில், திடீர்ப் பிரேக்கினால் ஒரு பெண்குதிரை முழந்தாளிட்டு விழுந்ததையும், அதன் பிறகு அது எந்த வண்டியிலும் ஏற மறுத்ததையும் அவர் சொன்னார். அதை ஏற்றுவதற்கு ஒரு மாத காலம், நாள்தோறும் காலையில் டிரெய்லரின் பலகைமேல் தீனி வைத்துப் பழக்கினாராம்.

ஆகவே ஓட்டிப் பார்க்கும் நேரம் வந்தபோது அவர் ஸ்டியரிங்கைத் தொடவேயில்லை. தவ்கே ஓட்ட, மெக்கானிக் பக்கத்தில் அமர, பெரியவர் பின் இருக்கையில் என்னருகே உட்கார்ந்து, கைகளை மடியில் கோத்து, கண்களை மூடிக்கொண்டார். தொழிற்பேட்டையைச் சுற்றி, தெம்பனிஸ் அவென்யூக்களின் சிவப்பு விளக்குகளில் நின்று நின்று, முக்கால் மணி நேரம் சென்றோம். ஒவ்வொரு முறை வண்டி நின்றபோதும் அவர் உடம்பு முன்னே போய் மீள்வதை நான் கவனித்தேன். "கியர் மாறும்போது ஒரு தள்ளு இருக்கு. இரண்டிலிருந்து மூன்று" என்று ஓரிடத்தில் கண்ணைத் திறவாமலே சொன்னார். "கிளட்ச் கோளாறு இல்லீங்க, பழக்கம். மெதுவா விட்டா வராதுங்க" என்று முன்னிருந்து பதில் வந்தது, தவ்கே அடுத்த முறை மெதுவாக விட, அது வரவில்லை.

திரும்பி வந்து நின்றதும் இளைஞர் இறங்கி, நான்கு சக்கரங்களின் நடுக் குமிழ்மீதும் புறங்கையை வைத்துப் பார்த்தார். ஏன் என்று கேட்டேன். ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்தபடியே ஓடினால், அல்லது பேரிங் தேய்ந்திருந்தால், அது மட்டும் சுடும். உள்ளங்கை வேலை செய்து காய்த்துப்போனது, அதற்கு நுட்பமான சூடு தெரியாது, புறங்கைக்குத் தெரியும் என்றார். பெரியவர் இதைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் லாயத்தில் நான் அவரைப் பார்த்திருக்கிறேன்: காலையில் குதிரையை வெளியே கொண்டுவருவதற்கு முன், முன்னங்கால்களின் நரம்பின்மீது முழங்காலிலிருந்து குளம்பு வரை தம் புறங்கையைத்தான் ஓட்டிப் பார்ப்பார், ஒரு காலில் சூடு மிகுந்திருந்தால் அன்று அந்தக் குதிரைக்குச் சவாரி இல்லை.

இடப்பக்கப் பின்சக்கரம் சற்றுச் சுட்டது. அதைச் சரிசெய்வதும், பின் குறுக்குச் சட்டத்தை முழுதும் அறுத்தெடுத்துப் புதியதைப் பற்றவைப்பதும், சேசிஸின் உள்ளே மண்ணைக் கழுவித் துருத்தடுப்பு எண்ணெய் பீய்ச்சுவதும் தவ்கேயின் செலவு என்று மலாயில் நெடுநேரம் பேசி முடிவாயிற்று. துண்டு வைத்து ஒட்டுப்போடலாம் என்று தவ்கே ஒருமுறை சொல்லிப் பார்த்தார். மெக்கானிக் தமக்கு வேலை கொடுக்கும் மனிதரின் எதிரில் நின்றுகொண்டு, "ஒட்டுப்போட்டா இன்ஸ்பெக்ஷன் தாண்டும், பாஸ், குதிரை தாங்காது" என்று மரியாதையுடன், ஆனால் தீர்மானமாகச் சொன்னதை நான் மறக்கப்போவதில்லை. பத்து வயதைக் கடந்த வண்டிக்கு இங்கே ஆண்டுதோறும் சோதனை உண்டு. அதில் தேறுவது ஓர் அளவு, அவர் மனத்தில் இருந்தது வேறொரு அளவு. தவ்கேயும் நல்ல மனிதர்; சற்று யோசித்து, சரி என்றார்.

மூன்று வாரம் கழித்துப் பாசிர் ரிஸுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமையாதலால் இளைஞரும் வந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை, தாமாகவே வந்தார். ஜீப்பின் பின்னே டிரெய்லர் பூட்டியிருந்தது. பெரியவர் செந்நிறக் குதிரையை நடத்தி வந்தார். அது பலகையின்மேல் ஒரு காலை வைத்தது. வெறும் பலகையின் ஓசையைக் கேட்டு நின்றது. அவர் கயிற்றை இழுக்கவில்லை. தளர்த்திப் பிடித்துக்கொண்டு, குதிரையைப் பாராமல், கடற்பக்கம் பார்த்தபடி நின்றார். காற்றில் சவுக்கு மரங்கள் அசைந்தன. குதிரை தலையைத் தாழ்த்திப் பலகையை முகர்ந்தது. இரண்டாவது காலை வைத்தது. பிறகு தானாக உள்ளே நடந்தது. மற்றது அதன் பின்னே ஏறிற்று.

நாங்களெல்லாம் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருக்க, இளைஞர் மட்டும் வண்டிக்கும் டிரெய்லருக்கும் இடையே குந்தி உட்கார்ந்து, முன்பே சுண்ணாம்பால் குறித்து வைத்திருந்த ஓர் அடையாளத்தின்மீது கைவிரல்களைப் படுக்கை வாட்டில் வைத்து அளந்தார்.

"ரெண்டு வெரல்தானுங்க ஐயா எறங்கியிருக்குது" என்றார்.